பால் மறக்கடிக்கும்போது கன்றின் பசி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பால் நிறுத்திய மறுநாள் கன்று கத்திக்கொண்டே நிற்கும். பக்கத்துத் தட்டில் வைத்த தீவனம் வைத்தபடியே கிடக்கும். "பசித்தால் தானாகத் தின்னும்" என்று சொல்லிவிட்டு நகர்பவர்கள் நம்மில் பலர். கன்றுக்குப் பசி இருப்பது உண்மைதான். ஆனால் தவிட்டையும் மக்காச்சோளத்தையும் செரித்துச் சக்தியாக மாற்றும் வயிறு அதற்கு இன்னும் முழுதாக உருவாகவில்லை.

பிறந்த கன்றின் நான்கு வயிற்றறைகளில் பாதிக்கு மேற்பட்ட இடத்தை நான்காம் வயிறே பிடித்துக்கொள்கிறது. வளர்ந்த மாட்டிலோ முதலாவதான பெருவயிறு ஏறத்தாழ 80 சதவீதம். குடிக்கும் பால் உணவுக்குழாயின் முடிவில் உள்ள வரிப்பள்ளம் வழியாகப் பெருவயிற்றைத் தவிர்த்து நேராக நான்காம் வயிற்றுக்குப் போய்விடுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்களான கோஜிமாவும் கங்காவாவும் 1999-இல் எலியின் இரைப்பையில் கண்டறிந்த கிரெலின் என்னும் பசி ஹார்மோன், கன்றில் முக்கியமாக இந்த நான்காம் வயிற்றின் சுவரிலிருந்தே சுரக்கிறது. வேளைக்கு முன் ஏறி, வயிறு நிறைந்தபின் இறங்குவது அதன் வழக்கம். பாலின் கொழுப்பும் புரதமும் சிறுகுடலை அடைந்ததும் கோலிசிஸ்டோகைனின், ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் சுரந்து, போதும் என்று மூளைக்குச் சொல்கின்றன. கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின் உடலின் நெடுநாள் சேமிப்பைப் பற்றிப் பேசுவது. ஒரு வேளைத் தீவனத்தைக் கன்று ஏன் தொடவில்லை என்பதற்கு அதில் விடை தேட வேண்டியதில்லை.

நிறுத்தும் நாள்வரை முழு அளவுப் பாலைக் கொடுத்துவிட்டுத் திடீரென வெட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. நிறையப் பால் குடிக்கும் கன்றுக்கு நிறைவுச் செய்தி ஓயாமல் போய்க்கொண்டிருப்பதால், அது தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிவிடும். தீவனம் உள்ளே போகாத பெருவயிற்றில் நொதித்தல் நடக்காது. நொதித்தலில் உண்டாகும் பியூட்டிரிக், புரோப்பியோனிக் அமிலங்கள் இல்லாவிட்டால், சத்தை உறிஞ்சும் விரல் போன்ற சிறு முளைகள் பெருவயிற்றின் சுவரில் வளராது. அதுவரை ஒவ்வொரு வேளைப் பாலுக்குப் பின்னும் இரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் ஏறி இறங்கிய உடல், இனி இந்த அமிலங்களை நம்பி வாழப் பழக வேண்டும். அந்த மாற்றம் ஒரே இரவில் நடப்பதில்லை.

நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்வது இதன் உடன்பிறப்பு. "இரண்டு மாதம் ஆயிற்று, நிறுத்திவிடலாம்" என்பதைவிட, கன்று உண்மையில் எவ்வளவு தின்கிறது என்று எடைபோட்டுப் பார்ப்பதே பொருத்தம். காலையில் கன்றுத் தீவனத்தைத் தாராளமாக எடைபோட்டு வைத்து, மறுநாள் காலை மிச்சத்தை எடைபோட்டால் கணக்குத் தெரிந்துவிடும். பெரிய உடல்வாகுள்ள கலப்பினக் கன்று நாளொன்றுக்கு ஒரு கிலோவையும், ஜெர்சிக் கலப்புபோன்ற சிறிய கன்று ஏறத்தாழ முக்கால் கிலோவையும் தொடர்ந்து மூன்று நாள் தின்றால், பாலை முழுதாக நிறுத்த அது தயார். நாளுக்கு 4 லிட்டர் குடிக்கும் கன்றுக்கு 3, 2, 1 லிட்டர் என்று ஒவ்வொரு அளவையும் நான்கைந்து நாள் கொடுத்து, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் இறக்கலாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சீக்கிரம் தீவனத்துக்குப் பழகட்டும் என்று முதல் சில வாரங்களிலேயே பாலைச் சுருக்குகிறார்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் என்பது நம் ஊர்க் கணக்கு. 25 கிலோக் கன்றுக்கு இரண்டரை லிட்டர். வேண்டிய அளவு குடிக்க விட்டால் கன்று அதைப்போல் இரு மடங்குவரை குடிக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் கணக்கே எவ்வளவு இறுக்கமானது என்பது புரியும். மூன்று வாரத்துக்கு உட்பட்ட கன்று எவ்வளவு பசித்தாலும் குறையை ஈடுகட்டும் அளவுக்குத் தீவனம் தின்ன முடியாது. கிரெலின் ஏறும், வளர்ச்சி ஹார்மோனும் ஏறும். ஆனால் அந்த ஹார்மோனின் ஆணையை நிறைவேற்ற வேண்டிய ஐஜிஎஃப்-1 என்னும் இன்னொரு ஹார்மோன் சத்துக் குறைவில் இறங்கிவிடுவதால், பசி மட்டும் மிஞ்சி எடை நின்றுவிடும். பசி தூண்டும் டானிக் என்று விற்கப்படுவதை இந்தக் கட்டத்தில் வாங்குவது, ஏற்கெனவே பசியோடு கத்துகிற கன்றுக்கு இன்னும் பசி ஏற்ற முயல்வதுதான்.

கறவைக்குப் பின் மடியில் மிச்சம் விட்டுக் கன்றை ஊட்ட விடும் வீடுகளில் ஒரு மறைமுகக் கணக்குப் பிழை நடக்கிறது. கடைசியாக இறங்கும் பாலே கொழுப்பு மிகுந்த பால் என்பதால், "கொஞ்சம்தான் விட்டேன்" என்று நாம் நினைக்கும் அளவே கன்றின் நிறைவு ஹார்மோன்களுக்குத் தாராளமாக இருக்கக்கூடும். அளவு தெரிய வேண்டுமானால் பாலைக் கறந்து அளந்து கொடுக்க வேண்டும்.

"பால்தான் குடிக்கிறதே, தண்ணீர் எதற்கு?" என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. பால் பெருவயிற்றுக்குள் போவதில்லை. வாளியில் வைத்த தண்ணீர்தான் போகிறது. அந்த ஈரம் இல்லாமல் அங்கே நுண்ணுயிர்கள் வேலை செய்யாது; தண்ணீர் கிடைக்காத கன்று தீவனத்தையும் கணிசமாகக் குறைத்துவிடும். பாலில் தண்ணீர் கலந்து கொடுப்பதும் இதற்கு ஈடாகாது. அதுவும் பாலோடு சேர்ந்து நான்காம் வயிற்றுக்கே போகிறது.

வைக்கோலும் புல்லும் மட்டும் போட்டால், பெருவயிறு பருமனால் உப்பி, சத்தில்லாமலே நிறைந்துவிட்டதாக உணர்த்தும். நாம் பானை வயிற்றைப் பார்த்து நன்றாகத் தின்கிறது என்று மகிழ்ந்துகொண்டிருப்போம். தவிடு, மக்காச்சோளம் போன்ற அடர்தீவனமே முதன்மையாக இருக்கட்டும். நறுக்கிய நல்ல உலர்புல் அதற்குத் துணையாகச் சிறிதளவு போதும். எச்சில்பட்டுப் புளித்த மிச்சத்தின் மேலேயே புதுத் தீவனத்தைக் கொட்டாமல், தட்டைத் தினமும் கழுவ வேண்டும்.

கொம்பு சுடுவது, கொட்டகை மாற்றுவது போன்றவற்றைப் பால் குறைக்கும் நாட்களில் வைத்துக்கொள்ளாதீர்கள். பால் நின்றபின் இரண்டு வாரமாவது அதே தீவனம், அதே இடம் தொடரட்டும். இடையில் தின்னும் அளவு சரிந்தால், ஒரு லிட்டர் பாலைச் சில நாள் திரும்பக் கொடுத்து, எடை மீண்டும் ஏறத் தொடங்கியபின் குறைக்கலாம்.