ஏஐ ஏஜென்ட்டுக்கு டூல் விளக்கம் எழுதுவது எப்படி? ரயில் நிலவர டூலை வைத்து ஒரு செய்முறை

ஏஐ ஏஜென்ட் என்பது பயனர் கேட்டதை முடிக்கத் தானே டூல்களை அழைக்கும் மென்பொருள். டூல் என்பது அதற்காக நீங்கள் எழுதித் தரும் சிறு நிரல். நீங்கள் எழுதிய கோட் ஏஜென்ட்டின் கண்ணில் படுவதில்லை. அது பார்ப்பது டூலின் பெயர், விளக்கம், பாராமீட்டர்களை (டூலுக்குக் கொடுக்க வேண்டிய மதிப்புகளை) வரையறுக்கும் ஜேசன் ஸ்கீமா ஆகிய மூன்றைத்தான். எந்த டூலை எப்போது அழைப்பது, என்ன மதிப்பைக் கொடுப்பது என்பதையெல்லாம் இவற்றைப் படித்துத்தான் ஏஜென்ட்டின் மூளையாக இருக்கும் மொழி மாடல் முடிவு செய்கிறது. எழுதாமல் விட்டதை அதுவே ஊகித்து நிரப்பிக்கொள்ளும்.

ரயில் இப்போது எங்கே வருகிறது, எவ்வளவு தாமதம் என்று சொல்லும் டூல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இப்படி எழுதுவார்கள்:

பெயர்: ட்ரெயின்
விளக்கம்: ரயில் விவரங்களைத் தரும்.
பாராமீட்டர்கள்: எண் - இன்டிஜர் (முழு எண்), தேதி - ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்)

காலி சீட், கட்டணம், பிஎன்ஆர் நிலை எல்லாமே 'ரயில் விவரம்'தானே? அதனால் "நாளைக்கு மதுரைக்கு சீட் இருக்கா?" என்ற கேள்விக்கும் மாடல் இதையே அழைக்கும்.

படி 1: பெயர்

டூல் செய்யும் வேலை பெயரிலேயே தெரிய வேண்டும்: கெட்_ட்ரெயின்_ரன்னிங்_ஸ்டேட்டஸ். இதை ஆங்கில எழுத்துகளில் எழுதுங்கள். பல ஏபிஐகள் (மாடலை உங்கள் நிரலோடு இணைக்கும் இடைமுகங்கள்) பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு தவிர வேறெதையும் ஏற்பதில்லை. விளக்கம் தமிழில் இருக்கலாம்.

படி 2: விளக்கம்

மூன்று நான்கு வாக்கியங்களாவது வேண்டும்:

"ஓடிக்கொண்டிருக்கும் ரயில் கடைசியாகக் கடந்த நிலையத்தையும் தாமதத்தை நிமிடங்களிலும் தரும். ரயில் எங்கே வருகிறது, எவ்வளவு லேட் என்று பயனர் கேட்டால் பயன்படுத்தவும். காலி சீட், கட்டணம் ஆகியவற்றுக்குப் பயன்படுத்தக் கூடாது. பிஎன்ஆருக்கு கெட்_பிஎன்ஆர்_ஸ்டேட்டஸ் உள்ளது. ரயில் எண் தெரியாவிட்டால் சர்ச்_ட்ரெயின்ஸ் டூலை முதலில் அழைக்கவும். எண்ணை ஊகிக்கக் கூடாது."

எப்போது பயன்படுத்தக் கூடாது என்ற வாக்கியத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒன்றுபோலத் தெரியும் டூல்களை மாடல் பிரித்தறிவது பெரும்பாலும் அதை வைத்துத்தான்.

படி 3: பாராமீட்டர்கள்

அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ரயில் எண் ஐந்து இலக்கம். சிறப்பு ரயில்களின் எண் 0-வில் தொடங்கும். இன்டிஜராக வைத்தால் முன்னால் உள்ள 0 காணாமல் போய் நான்கு இலக்கம்தான் மிஞ்சும். எனவே ஸ்ட்ரிங்காக வைத்து, ஐந்து இலக்கம் என்று பேட்டர்னில் (மதிப்பின் வடிவத்தைச் சொல்லும் ஸ்கீமா விதியில்) கட்டாயமாக்குங்கள்.

அடுத்தது தேதி. பாண்டியன் எக்ஸ்பிரஸ் இரவில் எழும்பூரை விட்டுக் கிளம்பி, நள்ளிரவு தாண்டித்தான் திருச்சிக்கு வரும். திருச்சி பிளாட்பாரத்தில் விடியற்காலையில் நிற்பவர் "இன்னைக்கு பாண்டியன் எங்கே வருது?" என்று கேட்டால், மாடல் இன்றைய தேதியைக் கொடுக்கும். டூலோ "ரயில் இன்னும் புறப்படவில்லை" என்று சொல்லும். கேட்டவருக்கு வேண்டியது நேற்று புறப்பட்ட வண்டி. கோடில் எத்தனை முறை தேடினாலும் இந்தப் பிழை சிக்காது. தேதி என்ற பெயரை ஸ்டார்ட்_டேட் என்று மாற்றிவிட்டு இப்படி எழுதுங்கள்:

"ரயில் தன் முதல் நிலையத்திலிருந்து புறப்படும் தேதி, பயனர் ஏறும் நிலையத்தின் தேதி அல்ல. வருடம்-மாதம்-நாள் வடிவம், உதாரணம் 2025-06-05."

வடிவத்தைச் சொல்லாவிட்டால் 05/06 என்பது ஜூன் 5 ஆகவும் வரலாம், மே 6 ஆகவும் வரலாம். இன்று என்ன தேதி என்பதும் மாடலுக்குத் தானாகத் தெரியாது. அதை இந்திய நேரப்படி சிஸ்டம் பிராம்ப்ட்டில் (மாடலுக்கு முதலிலேயே கொடுக்கும் அறிவுறுத்தலில்) கொடுத்துவிடுங்கள்.

நிலையம் கேட்பதாக இருந்தால் பெயருக்குப் பதில் நிலையக் குறியீட்டைக் கேளுங்கள். 'சென்னை' என்று வந்தால் சென்ட்ரலா (எம்ஏஎஸ்), எழும்பூரா (எம்எஸ்) என்று டூலால் சொல்ல முடியாது. மதிப்புகள் சிலவே என்றால், அனுமதிக்கும் மதிப்புகளைப் பட்டியலிடும் ஈனம் (enum) போதும்.

படி 4: பிழைச் செய்தி

"எரர் 400" என்று திருப்பி அனுப்பினால் ஏஜென்ட் அதே தவற்றோடு மறுபடி அழைக்கும். "ரயில் எண் ஐந்து இலக்கமாக இருக்க வேண்டும், சர்ச்_ட்ரெயின்ஸ் மூலம் சரிபார்க்கவும்" என்று அனுப்பினால் தானே திருத்திக்கொள்ள வழி கிடைக்கும். 'இன்னும் புறப்படவில்லை', 'அப்படி ஒரு ரயிலே இல்லை' இரண்டுக்கும் தனித்தனிச் செய்தி அவசியம்.

படி 5: சோதனை

மக்கள் பேசுவது போலவே 20 கேள்விகள் எழுதுங்கள். அவற்றில் ஆறேழு, இந்த டூலை அழைக்கவே கூடாத கேள்விகளாக இருக்கட்டும். பதிலை மட்டும் பார்க்காமல், எந்த டூல் என்ன மதிப்போடு அழைக்கப்பட்டது என்று லாகில் (நடந்த அழைப்புகளின் பதிவில்) பாருங்கள். தவறினால் ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றி, 20 கேள்விகளையும் மறுபடி ஓட்டுங்கள். பலவற்றை ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. விளக்கம் ஒவ்வொரு கோரிக்கையோடும் சேர்ந்து போவதால் அதற்கும் டோக்கன் (மாடல் உரையைப் படிக்கும் சிறு துண்டு) செலவாகும். எந்தப் பிழையையும் தடுக்காத வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். எவ்வளவு திருத்தியும் இரண்டு டூல்களை மாடல் குழப்பிக்கொண்டே இருந்தால், அவற்றை ஒரே டூலாக இணைத்துப் பாருங்கள்.