அமெரிக்க ஃபெடரல் வேலைக்கு விண்ணப்பிப்பது எப்படி? முதல்முறை முயல்பவர்களுக்கு

தனியார் கம்பெனியில் நல்ல பெயர் எடுத்தவர்கள்கூட ஃபெடரல் வேலைக்கு, அதாவது அமெரிக்க மத்திய அரசு வேலைக்கு, விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கடைசியில் 'தகுதி இல்லை' என்று ஒற்றை வரி மின்னஞ்சல் வருகிறது. வேலை தெரியாததால் இப்படி ஆவது குறைவு. உங்கள் விண்ணப்பத்தை முதலில் படிப்பவர் பெரும்பாலும் உங்கள் துறைக்காரர் அல்ல, ஹெச்ஆர் ஸ்பெஷலிஸ்ட். அறிவிப்பில் கேட்டது ரெஸ்யூமேயில் எழுதியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவர் வேலை. 'இவ்வளவு பெரிய பொறுப்பில் இருந்தவருக்கு இது தெரியாமலா இருக்கும்' என்று அவராக யூகித்துக்கொள்ள முடியாது. இனி வரும் ஒவ்வொரு படியிலும் இந்த ஹெச்ஆர்காரரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய நிலையையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரி 20 அன்று புதிய ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. அதன்பின் வந்த கட்டுப்பாடுகளும் சேர்ந்து காலியிடங்களைக் குறைத்துவிட்டன. நான்கு பேர் போனால் ஒருவரை எடுப்பது என்ற கணக்கும் பேசப்பட்டது. ஆகவே கிடைக்கிற ஒவ்வொரு அறிவிப்புக்கும் முழுக் கவனம் கொடுத்தே ஆக வேண்டும்.

படி 1: உங்களால் விண்ணப்பிக்க முடியுமா?

முதலில் குடியுரிமை. பெரும்பாலான ஃபெடரல் வேலைகள் 'காம்பெடிட்டிவ் சர்வீஸ்' என்ற பிரிவில் வருகின்றன. 1976-இல் வந்த அதிபர் ஆணைப்படி, இந்தப் பிரிவில் பொதுவாக அமெரிக்கக் குடிமக்களைத்தான் நியமிக்க முடியும். கிரீன் கார்டு போதாது, விதிவிலக்குகள் மிகக் குறைவு. கிரீன் கார்டில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். யூஎஸ் தபால் துறை தன் சொந்தத் தளத்தில் ஆள் எடுக்கிறது, நிரந்தரக் குடியிருப்பாளர்களும் அங்கே விண்ணப்பிக்கலாம். மாநில, நகர அரசு வேலைகள் பலவற்றுக்கும் குடியுரிமை தேவையில்லை. குடியுரிமை கிடைக்கும்வரை அங்கே பெறும் அனுபவம் பின்னால் ஃபெடரல் விண்ணப்பத்தில் நன்றாகவே கைகொடுக்கும்.

ஆண்களுக்கு இன்னொரு விஷயம். 1959 டிசம்பர் 31-க்குப் பிறகு பிறந்தவர்கள் 'செலக்டிவ் சர்வீஸ்', அதாவது தேவைப்பட்டால் ராணுவத்துக்கு ஆள் எடுப்பதற்கான பட்டியலில், பதிவு செய்திருக்க வேண்டும். 26 வயது முடிந்தபின் அமெரிக்காவுக்கு வந்தவர்களுக்கு இது பொருந்தாது. ஆனால் எப்போது வந்தீர்கள் என்பதற்கான ஆதாரத்தைக் கேட்கலாம், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கணக்குத் தொடங்கி, சரியான எண்ணைத் தேடுங்கள்

ஃபெடரல் வேலை அறிவிப்புகள் வரும் யூஎஸ்ஏஜாப்ஸ் தளத்தில் கணக்குத் தொடங்க, அரசின் பொது நுழைவுத் தளமான லாகின்.கவ் வழியாக நுழைய வேண்டும். ஐந்து நிமிட வேலை. தேடும்போது பதவிப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே வேலைக்கு ஒவ்வொரு துறையும் ஒரு பெயர் வைத்திருக்கும். அதற்குப் பதில் நான்கு இலக்க சீரிஸ் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். ஐடி வேலைகளுக்கு 2210, ஆடிட்டருக்கு 0511, மேனேஜ்மென்ட் அனலிஸ்ட்டுக்கு 0343. எண் பிடிபட்டதும் தேடலைச் சேமித்துவிட்டால் புதிய அறிவிப்புகள் மின்னஞ்சலில் வந்துவிடும்.

படி 3: அறிவிப்பை இந்த வரிசையில் படியுங்கள்

மேலிருந்து கீழாகப் படித்தால் சம்பளத்தையும் ஊரையும் பார்த்து ஆசை வந்துவிடும், தகுதிப் பகுதியை மேலோட்டமாகத் தாண்டிவிடுவோம். முதலில் 'இந்த வேலை யாருக்குத் திறந்திருக்கிறது' என்ற பெட்டியைப் பாருங்கள். 'பொதுமக்கள்' என்று இருந்தால் உங்களுக்கானது. 'ஃபெடரல் ஊழியர்கள்' என்று மட்டும் இருந்தால், வெளியாட்கள் எவ்வளவு தகுதியோடு விண்ணப்பித்தாலும் உள்ளே போகாது. முன்னாள் ராணுவத்தினர், ராணுவத்தினரின் துணைவர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குத் தனி வழிகள் உண்டு. உங்களுக்கு அவற்றில் ஏதாவது பொருந்தினால் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

அடுத்து முடிவு தேதி. கிழக்கு நேரப்படி இரவு 11:59 வரை என்று பெரும்பாலும் இருக்கும். சிலவற்றில் 'முதல் 100 விண்ணப்பங்கள் வந்ததும் மூடப்படும்' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். அப்படிப்பட்டது திறந்த அன்றே மூடிவிடலாம். ரெஸ்யூமேயை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பவருக்குத்தான் அது கிடைக்கும்.

அதன்பின் 'குவாலிஃபிகேஷன்ஸ்' பகுதி. அதை அச்செடுத்துப் பேனாவோடு உட்காருங்கள். 'ஸ்பெஷலைஸ்டு எக்ஸ்பீரியன்ஸ்' என்று தொடங்கும் பத்தியில் வரும் ஒவ்வொரு வினைச்சொல்லையும் அடிக்கோடிடுங்கள். அந்தப் பத்திதான் உங்கள் வினாத்தாள்.

படி 4: எந்த கிரேடு?

ஃபெடரல் அலுவலக வேலைகளில் பெரும்பாலானவை ஜெனரல் ஷெட்யூல், சுருக்கமாக ஜிஎஸ், என்ற அட்டவணையில் வரும். அதில் 15 கிரேடுகள், ஒவ்வொன்றிலும் 10 ஸ்டெப்கள் (சம்பளப் படிகள்). படிப்பை மட்டும் வைத்துப் பார்த்தால், இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக ஜிஎஸ்-5, நல்ல மதிப்பெண் இருந்தால் 7, முதுநிலைக்கு 9, முனைவர் பட்டத்துக்கு 11. அனுபவத்தை வைத்து என்றால், கேட்கும் கிரேடுக்கு ஒரு படி கீழான வேலையை ஓராண்டு முழுநேரம் செய்திருக்க வேண்டும். வாரம் 20 மணி நேரம் பார்த்த வேலை பாதியாகத்தான் கணக்கில் வரும்.

பட்டம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் வாங்கியது என்றால், அமெரிக்கப் பட்டத்துக்கு இணையானது என்று மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடமிருந்து சான்று தேவை. அறிவிப்பு வந்தபின் ஓடாமல் இன்றே அதை வாங்கிவிடுங்கள்.

தனியாரில் பெரிய பொறுப்பில் இருந்தவர்கள் ஜிஎஸ்-13, 14-க்கு மட்டுமே விண்ணப்பிப்பதைப் பார்க்கிறேன். என் கருத்து வேறு. 'ப்ரமோஷன் பொட்டென்ஷியல் 12' அல்லது '13' என்று போட்டிருக்கும் ஜிஎஸ்-9, 11 வேலைகளைத் தவறவிடாதீர்கள். உள்ளே போய் நன்றாக வேலை செய்தால், மறுபடி போட்டியிடாமலே அந்த உயரம்வரை ஏறலாம். உள்ளே நுழைவதுதான் கடினம், ஏறுவது அதைவிட எளிது.

படி 5: ரெஸ்யூமே

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இது. பழைய வழிகாட்டிகள் ஐந்தாறு பக்கம் எழுதச் சொல்லும். இப்போது அது பொருந்தாது. 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து ரெஸ்யூமேக்கு இரண்டு பக்கம்தான் எல்லை. இடம் சுருங்கிவிட்டது, கேட்கும் விவரம் சுருங்கவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கிய மாதம், வருடம், முடிந்த மாதம், வருடம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் இருக்க வேண்டும். மணி நேரம் எழுதாவிட்டால் அது முழுநேர வேலையா பகுதிநேரமா என்று ஹெச்ஆர்காரருக்குத் தெரியாது, ஓராண்டு அனுபவம் என்று கணக்கிடவும் வழியில்லை. நல்ல விண்ணப்பங்கள் இந்த ஒரு எண் இல்லாமல் விழுந்துபோகின்றன.

ஓர் உதாரணம் பார்ப்போம். அறிவிப்பில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: 'ஜிஎஸ்-9-க்கு இணையான ஓராண்டு அனுபவம் தேவை: நெட்வொர்க் கோளாறுகளைக் கண்டறிந்து சரிசெய்தல், பாதுகாப்பு பேட்ச்களை நிறுவுதல், பயனர்களுக்கு வழிமுறைக் குறிப்புகள் எழுதுதல்.'

பலர் எழுதுவது: 'நெட்வொர்க் அணியில் முக்கியப் பங்காற்றினேன். பல தொழில்நுட்பங்களில் ஆழ்ந்த அனுபவம்.'

இதில் கேட்ட மூன்றில் ஒன்றுகூட இல்லை. எழுத வேண்டியது: 'சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர், 2021 மார்ச் முதல் 2024 ஜூன் வரை, வாரம் 40 மணி நேரம். மூன்று கிளைகளில் 250 பயனர்களின் நெட்வொர்க் கோளாறுகளைக் கண்டறிந்து சரிசெய்தேன். மாதந்தோறும் 30 சர்வர்களில் பாதுகாப்பு பேட்ச்களைச் சோதித்து நிறுவினேன். விபிஎன் இணைப்புக்கான வழிமுறைக் குறிப்பு எழுதினேன், அதன்பின் ஹெல்ப்டெஸ்க்குக்கு வரும் அழைப்புகள் பாதியாகின.'

அறிவிப்பின் சொற்களே திரும்ப வந்திருப்பதைக் கவனியுங்கள். அதே நேரம் பத்தியை அப்படியே வெட்டி ஒட்டவும் கூடாது. எத்தனை பேர், எத்தனை சர்வர், என்ன பலன் என்று சேர்த்தால்தான் அது உங்கள் அனுபவம் ஆகும். வேறு அறிவிப்புக்குப் போகும்போது வேறு வரிகள் முன்னால் வர வேண்டும். ஆகவே எல்லா அனுபவத்தையும் எழுதிய நீளமான கோப்பு ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதிலிருந்து இரண்டு பக்கம் எடுங்கள். புகைப்படம், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் இவை எதுவும் ரெஸ்யூமேயில் வேண்டாம்.

படி 6: கேள்வித்தாள்

பல விண்ணப்பங்களில் சுயமதிப்பீட்டுக் கேள்விகள் வரும். 'இந்த வேலையைச் செய்ததில்லை' என்பதிலிருந்து 'மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் அளவுக்குத் தெரியும்' என்பது வரை தெரிவுகள் இருக்கும். அடக்கம் இங்கே உதவாது. நிஜமாகவே செய்திருந்தால் உயர்ந்த தெரிவைத் தயங்காமல் எடுங்கள். ஆனால் அதற்கு ஆதாரமான வரி ரெஸ்யூமேயில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள் அல்லது விண்ணப்பத்தையே ஒதுக்குவார்கள். 2024 டிசம்பரில் சட்டமான 'சான்ஸ் டு கம்பீட்' சட்டம், இந்தச் சுயமதிப்பீட்டை விட்டுவிட்டுத் திறன் தேர்வுகளுக்கு மாறச் சொல்கிறது. ஆகவே ஆன்லைன் தேர்வுக்கான மின்னஞ்சல் வரலாம். அது ஸ்பாம் பெட்டியில் விழுந்து காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: ஆவணங்கள்

'ரெக்வயர்டு டாக்யுமென்ட்ஸ்' பகுதியில் கேட்ட அனைத்தையும் இணையுங்கள். படிப்பை வைத்துத் தகுதி கோரினால் டிரான்ஸ்கிரிப்ட், முன்னாள் ராணுவத்தினருக்கு ராணுவப் பணி முடித்ததைக் காட்டும் டிடி-214 படிவம். ஒன்று விடுபட்டாலும், யாரும் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள். அனுப்பியபின் நிலை 'ரிசீவ்டு' என்று மாறியதா என்று பாருங்கள். யூஎஸ்ஏஜாப்ஸிலிருந்து துறையின் தளத்துக்குப் போனபின் பாதியில் நின்றுவிட்டவை, அனுப்பியதாக நினைத்தே விடப்படுகின்றன.

படி 8: காத்திருப்பு

ஆள்சேர்ப்பை 80 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது ஃபெடரல் ஊழியர் விவகாரங்களைக் கவனிக்கும் ஓபிஎம் அலுவலகம் வைத்திருக்கும் இலக்கு. நடைமுறையில் சராசரி 100 நாளை ஒட்டியே இருந்து வந்திருக்கிறது. ஹெச்ஆர் பரிசீலனைக்குப் பிறகு தகுதியானவர்களைத் தரம் பிரித்து, மேல்தரத்தில் இருப்பவர்களை மேலாளருக்கு அனுப்புவார்கள். அதைத்தான் 'ரெஃபர்டு' என்கிறார்கள். முன்னாள் ராணுவத்தினருக்குச் சட்டப்படி முன்னுரிமை உண்டு, அதனால் முழுத் தகுதி இருந்தும் பட்டியலில் கீழே போகலாம். 'நாட் ரெஃபர்டு' வந்தால் காரணத்தைக் கேட்டு அறிவிப்பில் உள்ள தொடர்பு முகவரிக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சில நேரம் உருப்படியான பதில் வரும்.

இதற்கிடையில் அடுத்தடுத்து விண்ணப்பித்துக்கொண்டே இருங்கள். ஒன்றையே நம்பி உட்காராதீர்கள்.

படி 9: இன்டர்வியூ

பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் கொண்ட குழு, எல்லோருக்கும் ஒரே கேள்விகள். நீங்கள் பேசும்போது அவர்கள் தலை குனிந்து எழுதிக்கொண்டே இருப்பார்கள். அது மதிப்பெண் போடுவதற்கு, ஆர்வமின்மை அல்ல. என்ன நிலைமை, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது என்ற வரிசையில் நிதானமாகச் சொல்லுங்கள்.

படி 10: தற்காலிக ஆஃபர், பின்னணிச் சோதனை, சம்பளம்

தேர்வானால் முதலில் வருவது தற்காலிக ஆஃபர்தான். இருக்கிற வேலையை இப்போது விடாதீர்கள். கைரேகை, ஓஎஃப்-306 படிவம், பின்னணிச் சோதனை எல்லாம் இனிமேல்தான். பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் பதவிக்கு எஸ்எஃப்-86 நிரப்ப வேண்டும். பத்து வருட முகவரிகள், ஏழு வருட வெளிநாட்டுப் பயணங்கள், வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர், உடன்பிறந்தோர், மாமனார், மாமியார் விவரங்கள் எல்லாம் அதில் கேட்பார்கள். இன்றே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். உறவினர் வெளிநாட்டில் இருப்பதே தகுதிக் குறைவு ஆகாது. மறைத்தால்தான் ஆபத்து. கஞ்சா சில மாநிலங்களில் சட்டப்படி கிடைத்தாலும், ஃபெடரல் சட்டப்படி அது இன்னும் குற்றம். போதைப்பொருள் பரிசோதனை உள்ள பதவிகளில் 'என் மாநிலத்தில் அனுமதி உண்டு' என்ற பதில் எடுபடாது.

சம்பளம் பேச வேண்டியதும் இங்கேதான். வழக்கமாக ஸ்டெப் 1-இல் வைப்பார்கள். உங்கள் தகுதி அசாதாரணமானது என்று எழுத்தில் விளக்கி மேல் ஸ்டெப் கேட்கலாம். இதுவரை வாங்கிய தனியார் சம்பளத்தை அளவுகோலாக வைக்கக் கூடாது என்ற விதி 2024 அக்டோபரில் அமலுக்கு வந்துவிட்டது, ஆகவே தகுதியை வைத்தே வாதிடுங்கள். புதியவர்களுக்கு ஆண்டு விடுப்பு 13 நாள். வெளி அனுபவத்தைக் கணக்கில் எடுத்து 20 நாள் தரும்படியும் கேட்கலாம். இரண்டையும் பணியில் சேர்வதற்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டும், சேர்ந்தபின் கேட்டால் கிடைக்காது.

அப்புறம் சேரும் தேதியோடு இறுதி ஆஃபர் வரும். அது கையில் வந்தபின் பழைய வேலையில் நோட்டீஸ் கொடுங்கள். காம்பெடிட்டிவ் சர்வீஸில் முதல் ஓராண்டு பொதுவாக புரொபேஷன். சேர்ந்ததும் உங்கள் நியமனத்தைப் பதிவு செய்த எஸ்எஃப்-50 படிவம் வரும். அதில் கிரேடு, ஸ்டெப், சேர்ந்த தேதி மூன்றையும் சரிபார்த்து, ஒரு பிரதியை வீட்டில் பத்திரமாக வையுங்கள். அடுத்த ஃபெடரல் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதைக் கேட்பார்கள்.