கனவு ஊரை வாசிக்க ஐந்து ஞாயிறு: சென்னையில் ஒரு வட்டம் நடத்தும் முறை

குறையே இல்லாத ஊரைக் கற்பனை செய்யும் எழுத்துகளைச் சேர்ந்து வாசிக்கும் வட்டத்துக்குப் பத்துப் பேர் போதும். பன்னிரண்டைத் தாண்டினால் நான்கு பேர் பேசுவார்கள், மிச்சப் பேர் செல்போனைப் பார்ப்பார்கள். ஞாயிறு மாலை ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, பூங்காவை நம்ப முடியாது. ஜனவரியில் பொங்கலும் புத்தகக் காட்சியும் ஆட்களை இழுத்துக்கொள்ளும். பிப்ரவரி நடுவில் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். மொட்டை மாடியோ அபார்ட்மென்ட்டின் பொதுக்கூடமோ எதுவும் சரி. கூடம் கேட்டுப் போனால் சங்கச் செயலாளர், “வெளியாட்கள் எத்தனை பேர்?” என்பார். கோபப்பட வேண்டாம், குறித்துக்கொள்ளுங்கள். முதல் வாரமே தேவைப்படும்.

வாரத்துக்கு இருபது பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். வீட்டில் படித்துவிட்டு வருவார்கள் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஜெராக்ஸ் எடுத்து வைத்து, முதல் அரை மணி நேரம் ஒருவர் மாற்றி ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். சார்ட் பேப்பரில் நான்கு கேள்விகளை எழுதி ஐந்து வாரமும் சுவரில் ஒட்டி வையுங்கள்: இந்த ஊரில் அழுக்கு வேலையை யார் செய்கிறார்? வெளியே போக யாரிடம் கேட்க வேண்டும்? தப்பு செய்தால் என்ன நடக்கும்? கதையைச் சொல்பவர் அங்கே வாழ்பவரா, சுற்றிப் பார்க்க வந்தவரா? ஆசிரியரின் வாழ்க்கைக் கதைக்குள் பேச்சு நழுவும்போதெல்லாம் (நழுவும்) சுவரைக் காட்டினால் போதும்.

முதல் வாரம் கம்பர். பாலகாண்டத்து நாட்டுப் படலத்தில் “வண்மை இல்லை ஓர் வறுமை இன்மையால்” என்று தொடங்கும் பாட்டு. வாங்க ஏழை இல்லாததால் இராமனின் நாடான கோசலத்தில் கொடைக்கு இடமில்லை; பகைவர் இல்லாததால் வலிமைக்கு வேலையில்லை; பொய் இல்லாததால் உண்மை என்று தனியாக ஒன்று தெரிவதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் உரையோடு கிடைக்கிறது. இதன் பக்கத்திலேயே ஞாயிறு பேப்பரில் வரும் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) ஃபிளாட் விளம்பரம் ஒன்றை வையுங்கள். இரண்டிலும் ‘இல்லை’ என்று சொல்லப்படுபவற்றை மட்டும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். விளம்பரத்தில் பவர் கட் இல்லை, இரைச்சல் இல்லை, டிராஃபிக் இல்லை, கேட்டில் சொல்லாமல் யாரும் உள்ளே வர முடியாது. கம்பர் வறுமையை நீக்கியிருக்கிறார், விளம்பரம் ஆளை நீக்கியிருக்கிறது. செயலாளரின் கேள்வியை எடுக்க வேண்டிய இடம் இதுதான்.

இரண்டாம் வாரம், ஒரு கற்பனைத் தீவு நாட்டைப் பற்றி ஆங்கிலேயர் தாமஸ் மோர் எழுதிய ‘உடோபியா’வையும் வங்காள எழுத்தாளர் ரொக்கையா சகாவத் ஹுசைனின் ‘சுல்தானாவின் கனவு’ கதையையும் சேர்த்து எடுங்கள். முதலாவது 1516-ல் லத்தீனில் வந்தது. ஆறு மணி நேர வேலை, பூட்டில்லாத வீடுகள், கழிவுக் கலம் செய்யத் தங்கம் என்று கேட்டதும் எல்லாருக்கும் பிடித்துப்போகும். அங்கேயே நிறுத்திவிடாமல், ஆடுமாடு அறுப்பது அடிமைகள், அதுவும் ஊருக்கு வெளியே என்ற பகுதியையும், வேற்றூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற பகுதியையும் கட்டாயம் வாசியுங்கள். சுல்தானாவின் கனவு 1905-ல் நம் சென்னையிலிருந்து ஆங்கிலத்தில் வந்த பெண்கள் பத்திரிகையில்தான் முதலில் அச்சானது. அதில் பெண்கள் ஆள்கிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள், சமையல் சூரிய வெப்பத்தில் நடக்கிறது, பலூன் விட்டு வானத்திலிருந்தே தண்ணீர் எடுக்கிறார்கள். “இது ஆண்களுக்கு அநியாயம்” என்று யாராவது சொல்வார்கள். உடனே மறுக்காதீர்கள். அந்த அநியாயம் தலைகீழாக நடக்கும்போது ஏன் கண்ணில் படுவதில்லை என்று அவரிடமே கேளுங்கள்.

மூன்றாம் வாரம் நிஜ ஊர்கள். பசித்தவருக்குச் சோறிட 1867-ல் வள்ளலார் வடலூரில் தொடங்கிய தருமச்சாலை, புதுச்சேரி அருகே 1968-ல் உருவான சோதனை நகரம் ஆரோவில், இவற்றோடு சென்னை ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியேற்றப்பட்ட கண்ணகி நகரும் பெரும்பாக்கமும். அரசுத் தாளில் கடைசி இரண்டும் ‘மேம்பாடு’. கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு வரும் யோசனை கட்டாயம் எழும். வேண்டாம், அது சுற்றுலாவாகிவிடும். அங்கே குடியிருப்பவர் ஒருவர் முதல் வாரத்திலிருந்தே வட்டத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் வாரத்துக்கு எதிர்காலம்: பெரியாரின் ‘இனிவரும் உலகம்’, சுஜாதாவின் அறிவியல் புனைகதை ‘என் இனிய இயந்திரா’. சட்டைப்பையில் கம்பியில்லாச் சாதனம் என்று பெரியார் எழுதிய இடம் வந்தால் செல்போன் பேச்சிலேயே நேரம் போய்விடும். அரசரும் இருக்கமாட்டார், பணமும் இருக்காது என்று அவர் சொன்னதை யாரும் தொடமாட்டார்கள். சுஜாதாவுக்கும் இதே கதிதான். கதை நடக்கும் 2021 கடந்துவிட்டதால் எது பலித்தது என்று கணக்குப் பார்ப்பார்கள். ஜோசியத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி, கடிகாரம் பார்த்து நிறுத்துங்கள்.

ஐந்தாம் வாரம் எழுத வேண்டும், முழு நேரமும் இதற்கே. ஒரு தெரு, நாற்பது வீடு, இரண்டு நாளைக்கு ஒரு தண்ணீர் லாரி, 9,000 லிட்டர். வீட்டுக்கு 225 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் பதினைந்து குடம். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, இந்தத் தண்ணீரைப் பங்கிட நாற்பது நிமிடத்தில் ஏழு விதி எழுதட்டும். ஏழில் ஒன்று தண்டனை பற்றி இருந்தே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் எல்லாரும் தண்டனையைத் தவிர்த்துவிட்டு நல்லவர்கள் ஆகிவிடுவார்கள். வீட்டுக்கு இத்தனையா, தலைக்கு இத்தனையா என்பதில்தான் முதல் சண்டை வரும். ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கும் தனியாக இருக்கும் பாட்டிக்கும் ஒரே பதினைந்து குடமா? பாட்டியால் தூக்க முடியாதே, யார் தூக்குவது? சண்டை நடக்க விடுங்கள், தீர்த்துவைக்காதீர்கள்.

பிறகு தாள்களை இடது பக்கத்து ஜோடிக்கு மாற்றிக் கொடுங்கள். விதி எழுதியவர்களின் நினைவில் இல்லாத ஒருவர் அந்தத் தெருவில் வாழும் ஒருநாளை அவர் வாயால் ஒரு பக்கம் எழுத வேண்டும். நைட் ஷிப்ட் முடித்து லாரி போனபின் வரும் செக்யூரிட்டி, போன வாரம் மாடிக்குக் குடிவந்த வாடகைக்காரர், நான்கு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கும் அக்கா என்று சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டுவிடுங்கள். ஆளைத் தேர்ந்தெடுக்க விட்டால் எல்லாரும் பாட்டியை எடுப்பார்கள், எழுத்து அழுகையில் முடியும். விதிகளில் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது. “காலை ஏழு மணிக்கு வராதவர் பங்கு மற்றவருக்குப் பகிரப்படும்” என்று நியாயமாகத் தோன்றிய வரி, செக்யூரிட்டியின் பக்கத்தில் எப்படி மாறுகிறது என்று சத்தமாக வாசிக்கும்போது கேட்கும்.

வாசித்து முடித்ததும் முதல் ஜோடிக்குத் தாளைத் திருப்பிக் கொடுத்து, ஒரே ஒரு விதியைத் திருத்த அனுமதியுங்கள். எதைத் திருத்துகிறார்கள் என்பதை வைத்து அடுத்த சுற்றுக்கு நூல் தேர்ந்தெடுக்கலாம்: நேரத்தைத் திருத்தினால் வேலை பற்றிய கதைகள், தண்டனையைத் திருத்தினால் மணிமேகலையில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமான காதை.