அரிப்பு நின்றால் நோய் தீர்ந்ததா? ஸ்டீரொய்ட் லோஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் மட்டக்களப்பில் சொறியாத ஆள் குறைவு. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு என்று ஆளுக்கோர் இடம். வயலில் சூடடித்து வந்தவர்களுக்கு நெற்சுணை வேறு. அந்த நேரத்தில் வீட்டில் யாராவது ஒருவர், "இதைப் பூசிப் பாருங்கள், உடனே நிற்கும்" என்று ஒரு சின்னப் போத்தலை நீட்டுவார். மச்சாளின் தலைக் கரப்பனுக்குத் தோல் வைத்தியர் எழுதிக்கொடுத்த ஸ்டீரொய்ட் லோஷன் அது. பூசினால் அரிப்பு நிற்கும் என்பது பொய்யில்லை. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

இந்த மருந்து அழற்சியை அடக்கும், கிருமியைக் கொல்லாது. தொடையிடுக்கில் இருப்பது படர்தாமரை என்றால் சில நாட்களில் சிவப்பு மங்கும். ஆனால் அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து அடங்குவதால், பூஞ்சணம் தடையின்றிப் பரவும். வட்டமான விளிம்பு கலைந்துவிடும்; பிறகு பார்க்கும் வைத்தியருக்கே நோயை அடையாளம் காண்பது கடினமாகும். பூசுவதை நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கடிக்கும், மறுபடியும் போத்தலைத் தேடுவார்கள். இரவில் அரிப்புக் கூடுகிறது, வீட்டில் பலருக்கும் இருக்கிறது என்றால் சிரங்காக இருக்கலாம். அதற்கும் இது மருந்தல்ல.

போத்தலில் உள்ள சதவீதத்தைப் பார்த்து வலுவைக் கணித்து ஏமாறுவது இன்னொரு தவறு. ஹைட்ரோகோர்ட்டிசோன் 1% மென்மையானது, குளோபெட்டாசோல் 0.05% மிகக் கடுமையானது. பெட்டாமெத்தசோன் வலரேட் 0.1%, மொமெட்டாசோன் 0.1% ஆகியவை இடையில் வரும், ஆனாலும் வலுவானவைதான். குளோபெட்டாசோலை வைத்தியர் சொல்லாமல் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் பூசக் கூடாது.

பூசும் இடமும் முக்கியம். ஹைட்ரோகோர்ட்டிசோனை முன்கைத் தோலைவிட நெற்றி சுமார் 6 மடங்கும் விதைப்பை சுமார் 40 மடங்கும் அதிகமாக உறிஞ்சுகின்றன. முகத்தில் நீண்ட நாள் பூசினால் தோல் மெலியும், இரத்த நாளங்கள் சிவந்து தெரியும், பருக்கள் கிளம்பும். இமையைச் சுற்றிப் பூசினால் கண்ணழுத்தம் கூடலாம். கல்யாணத்துக்கு முன் முகம் வெளுக்க வேண்டும் என்று பெண்பிள்ளைகளுக்கு இதைப் பூசச் சொல்லும் பெரியவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. குழந்தைக்குப் பூசி மேலே நப்பி கட்டுவதும் கூடாது. மூடிய தோல் மருந்தைக் கூடுதலாக இழுக்கும்.

லோஷன் பெரும்பாலும் தலை போன்ற முடியுள்ள இடங்களுக்கானது. முடியை வகிர்ந்து சில துளிகளைத் தோலில் விட வேண்டும். முடியில் தேய்த்தால் வீண். பல லோஷன்களில் அல்கஹோல் இருக்கிறது. வெடித்த தோலில் எரியும், தீயும் பற்றும். தலை காயும் வரை அடுப்பு, நுளம்புச்சுருள், சிகரெட் எதற்கும் கிட்டப் போக வேண்டாம்.

பயந்து கைவிடுவோரும் உண்டு. ஸ்டீரொய்ட் என்றதும் இரண்டாம் நாளே நிறுத்தி, கரப்பனைச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வார்கள். வைத்தியர் சொன்ன இடத்தில், சொன்ன நாட்களுக்கு மெல்லியதாகப் பூசினால் இது நல்ல மருந்து.

கடைசியாக, அரிக்காத திட்டு. வாவிக்குள் மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலை வைத்திருந்த ஊர் இது. அந்த நோய் இன்னும் நம்மை விட்டு முற்றாகப் போகவில்லை. வெளிறிய அல்லது சிவந்த திட்டில் உணர்ச்சி குறைந்திருந்தால் லோஷன் பூசிக் காலம் கடத்த வேண்டாம். அரசாங்க வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் மருந்து இலவசம், முழுமையாகக் குணமாகும். தாமதித்தால் நரம்பு பழுதாகும். போகும்போது இதுவரை பூசிய எல்லாவற்றையும், லேபல் கிழிந்த போத்தலையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.