கல்வி உளவியலில் முனைவர் பட்டம்: 300 பேர் 44 ஆகிவிடும் கதை

முதல் தவறு விண்ணப்பத்திலேயே நடந்துவிடுகிறது. கல்வி உளவியலும் பள்ளி உளவியலும் ஒன்றுதானே என்று நினைத்துவிடுகிறோம். அமெரிக்க வழக்கில் முன்னது பெரும்பாலும் ஆய்வுத் துறை; பின்னது பள்ளிக்குள் பிள்ளைகளைச் சோதித்து, ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் வழிசொல்லும் தொழில். பிரிட்டனிலோ அந்தத் தொழிலைச் செய்பவரையே கல்வி உளவியலாளர் என்கிறார்கள். அமெரிக்கப் பள்ளியில் வேலை பார்ப்பது மட்டும்தான் ஆசை என்றால், முனைவர் பட்டத்துக்கு முந்தைய ஸ்பெஷலிஸ்ட் பட்டமும் அதில் அடங்கிய 1,200 மணி நேர இன்டர்ன்ஷிப்பும் பொதுவாகப் போதும்.

சரி, சேர்ந்தாயிற்று. இனி வருவதுதான் பெரிய தவறு: தலைகளை எண்ணுவது. 10 பள்ளிகள், பள்ளிக்கு 30 பேர், ஆக 300 மாணவர்கள் என்று ஆய்வேட்டில் பெருமையாக எழுதுவோம். ஆனால் ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே ஆசிரியரிடம் படித்து, ஓரளவு ஒரே மாதிரி மதிப்பெண் வாங்குபவர்கள். அந்த ஒற்றுமையைக் காட்டும் எண்ணை ஐசிசி என்பார்கள். அது 0.2 என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கு 30 பேரில் ஒருவரைக் கழித்தால் 29; அதை 0.2-ஆல் பெருக்கி 1 கூட்டினால் 6.8. 300-ஐ அதனால் வகுத்தால் மிஞ்சுவது ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத சுமார் 44 பேரின் பலம்தான். அதே 300 பேரைப் பள்ளிக்கு 15 பேராக 20 பள்ளிகளில் எடுத்திருந்தால் 79 ஆகியிருக்கும். கூடுதல் அலைச்சல்தான், ஆனால் வாய்மொழித் தேர்வில் தலைகுனிவதைவிட அலைச்சல் மேல்.

இதைவிட மோசமானது, இரண்டே வகுப்புகளை எடுத்து ஒன்றுக்குப் புதிய முறை, மற்றதற்குப் பழைய முறை என்று பிரிப்பது. ஜெயித்தது முறையா, ஆசிரியரா? எந்த மென்பொருளாலும் பிரித்துச் சொல்ல முடியாது. தரவு கைக்கு வந்தபிறகு புள்ளியியல் தெரிந்தவரைத் தேடி ஓடுவதில் பயனில்லை. திட்டம் எழுதும்போதே அவரோடு உட்கார வேண்டும்.

பெற்றோர் ஒப்புதல் படிவத்தையும் லேசாக எடுத்துக்கொள்கிறோம். பையின் அடியில், நோட்டுகளுக்கு நடுவே கசங்கிக் கிடக்கும் அந்தத் தாள் திரும்பி வராத பிள்ளைகள்தான் பல சமயம் நம் ஆய்வுக்கு மிகவும் தேவையானவர்கள். தேர்வுக் காலத்தை ஒட்டி அனுப்பினால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம், வேற்றுமொழிச் சோதனையை மொழிபெயர்த்துவிட்டு, எந்த வயதுக்கு எவ்வளவு எடுத்தால் சராசரி என்று சொல்லும் மூலத்தின் மதிப்பெண் அட்டவணையை அப்படியே பயன்படுத்துவது. எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் நினைவுச் சோதனையையே பாருங்கள். எண்ணின் பெயரைச் சொல்ல எவ்வளவு நேரமாகிறதோ, அந்த அளவுக்கு நினைவில் நிற்கும் எண்களும் குறையும். ஆங்கிலத்தில் ‘ஃபைவ்’ ஓரசையில் முடிந்துவிடும். தமிழ்ப் பிள்ளை ‘ஐந்து’ என்று இரண்டசை சொல்ல வேண்டும். அட்டவணைப்படி அவளுக்கு நினைவாற்றல் குறைவு என்று எழுதிவிடுவோம்.