நெஞ்சுச் சளி, காய்ச்சலுக்குப் பிறகு மறுபடி நெடுந்தூர ஓட்டம்: படிப்படியாக

ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் வீட்டுக்கு ஒருவராவது இருமிக்கொண்டிருப்பார். ஜனவரியில் சென்னை மாரத்தான். பெயர் கொடுத்தவர்களுக்குப் படுக்கையில் இருப்பே கொள்ளாது. காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளே மெரினாவில் ‘சும்மா அஞ்சு கிலோமீட்டர்’ போய்ப் பார்க்கத் தோன்றும். முதன்முறையாக இந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃப்ளூவோ, கொரோனாவோ, நிமோனியாவோ, செய்ய வேண்டிய வரிசை ஒன்றுதான். பிடிக்கும் நாட்கள்தான் கூடும், குறையும்.

படி 1: கழுத்துக்கு மேலேயா, கீழேயா?

மூக்கொழுகல், தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு மட்டும் என்றால் மெதுவாக நடக்கலாம். தெம்பிருந்தால் கொஞ்சம் ஓடவும் செய்யலாம். நெஞ்சில் சளி, இருமல், இளைப்பு, உடம்புவலி, காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஷூவை எடுக்கவே வேண்டாம். பாராசிட்டமால் போட்டு இறங்கிய காய்ச்சல், விட்ட காய்ச்சல் ஆகாது. மாத்திரை இல்லாமல் உடம்பு ஆறியிருக்க வேண்டும்.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் நுரையீரல் மட்டுமல்ல. சில வைரஸ்கள் இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கும். அந்த நேரத்தில் கடுமையாக ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். அரிதுதான், ஆனால் வந்துவிட்டால் 3 முதல் 6 மாதம் வரை போட்டி, கடும் பயிற்சி எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டியிருக்கும்.

கொரோனாவுக்குப் பிறகு அறிகுறிகள் எல்லாம் போய் குறைந்தது 7 நாள் கழித்து, அடுத்த 2 வாரம் மிக லேசான நடமாட்டத்தோடு தொடங்கச் சொல்வது மருத்துவர்களிடையே பரவலான யோசனை. நெஞ்சுவரை இறங்கிய மற்ற தொற்றுகளுக்கும் நான் இதையே பிடித்துக்கொள்வேன்.

படி 2: யார் கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும்?

ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள், நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் வந்தவர்கள், ஏற்கெனவே ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உள்ளவர்கள். இ.சி.ஜி. எடுக்கலாமா என்று நீங்களே கேளுங்கள். இருமல் 2 வாரத்தைத் தாண்டினால் ஓட்டத்தை மறந்துவிட்டுச் சளிப் பரிசோதனை செய்யுங்கள். நம் நாட்டில் காசநோய் இல்லை என்று உறுதி செய்யாமல் அந்த இருமலை ‘பழைய சளி’ என்று விட முடியாது.

மருந்துச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். லெவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ‘ஃப்ளாக்சசின்’ என்று முடியும் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்களா? இவை தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களை, முக்கியமாகக் குதிகாலுக்கு மேலே உள்ள அக்கிலிஸ் தசைநாணை, பலவீனமாக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இலேயே இதற்குக் கடுமையான எச்சரிக்கை கொடுத்தது. ஸ்டீராய்டும் சேர்ந்திருந்தால் அபாயம் கூடுதல். மருந்தை முடித்துச் சில மாதங்கள் கழித்துக்கூட வலி தலைகாட்டலாம். குதிகால் பக்கம் சுருக்கென்றால் அன்றே நிறுத்தி டாக்டரிடம் சொல்லுங்கள்.

படி 3: வீட்டிலேயே மூன்று சோதனை

காலையில் கண் விழித்ததும், காபிக்கு முன்னால், படுத்தபடியே நாடித்துடிப்பை எண்ணுங்கள். நோய்க்கு முன் இருந்த எண்ணுக்குத் திரும்பும்வரை பொறுங்கள்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிக்கொண்டு 6 நிமிடம் நடங்கள். 94க்குக் கீழே போனாலோ, தொடங்கிய எண்ணிலிருந்து மூன்றுக்கு மேல் இறங்கினாலோ ஓட்டப் பேச்சே வேண்டாம்; டாக்டரிடம் போங்கள். நகப்பூச்சு இருந்தால் எண் தப்பாகக் காட்டலாம்.

மூன்றாவது, சமதரையில் 500 மீட்டர் நடை. மூச்சு வாங்காமல், களைத்து உட்காராமல் முடிகிறதா? முடிந்தால் அடுத்த படி.

படி 4: நடை, பிறகு நடை-ஓட்டம்

முதலில் 20 முதல் 30 நிமிட நடை மட்டும். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். தனியாகப் போகிறவர்கள் போனில் அம்மாவிடம் பேசுங்கள். மூச்சு வாங்கினால் அவரே கண்டுபிடித்துவிடுவார்.

நடை சுலபமானதும் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. இப்படி 8 சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். ஓட்ட நிமிடங்களை மெல்லக் கூட்டுங்கள். வாட்சில் வேகம் காட்டும் ‘பேஸ்’ திரையை அணைத்துவிடுங்கள், நாடித்துடிப்பு மட்டும் தெரியட்டும். படுக்கையில் இருந்த நாட்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்திருக்கும். அதனால் பழைய வேகத்துக்கே இதயம் கூடுதலாகத் துடிக்கும். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வேகத்தைக் குறையுங்கள்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: ஓடும்போது நன்றாக இருந்தது என்பது கணக்கில் சேராது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. தொற்றுக்குப் பிறகான அசதி பல நேரம் ஒரு நாள் தள்ளித்தான் அடித்துப்போடும். எழுந்ததும் நாடி எகிறியிருந்தால், உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருந்தால், இருமல் கூடியிருந்தால் ஒரு படி பின்னால் போங்கள். திரும்பத் திரும்ப இப்படி ஆனால் ‘கொஞ்சம் முயன்றால் சரியாகிவிடும்’ என்று நினைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

படி 5: மூச்சுக்குழாயைச் சீண்டாதீர்கள்

காசநோய் இல்லை என்று உறுதியான பிறகும், தொற்று போய் 8 வாரம் வரை வறட்டு இருமல் நீடிக்கலாம். அதிகாலைக் குளிர்காற்று, தூசி, வண்டிப்புகை மூன்றும் அதைக் கிளறும். அண்ணா சாலையை விட்டுக் கடற்கரைப் பக்கம் போங்கள். போகியன்று காலை வீட்டிலேயே இருங்கள். டயர் எரியும் புகையில் நன்றாக இருப்பவருக்கே நெஞ்சு அடைக்கும்.

நிமோனியாவுக்குப் பிறகு மூன்று பந்து உள்ள மூச்சுக் கருவியைச் சில ஆஸ்பத்திரிகளில் கொடுத்தனுப்புவார்கள். அதை ஊதக் கூடாது. உறிஞ்சி உள்ளிழுத்துத்தான் பந்துகளை உயர்த்த வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

படி 6: தூரம் முதலில், வேகம் பிறகு, போட்டி கடைசி

நிற்காமல் 30 நிமிடம் சுகமாக ஓட முடிந்த பிறகுதான் லாங் ரன் எனும் நீண்ட தூரப் பயிற்சி ஓட்டம். அது பழைய நீளத்தை எட்டும்வரை இன்டர்வல், டெம்போ போன்ற வேகப் பயிற்சிகள் எதுவும் வேண்டாம். நிமோனியா வந்தவர்களுக்குப் பெரும்பாலான தொந்தரவுகள் தீரவே 3 மாதம் ஆகும், முழுத்தெம்பு வர 6 மாதம்கூடப் பிடிக்கும். நவம்பரில் படுத்தவர் ஜனவரியில் 21 கிலோமீட்டர் ஓடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 10 கிலோமீட்டர் பிரிவுக்கு மாற்றித் தருவார்களா என்று அமைப்பாளர்களிடம் இப்போதே கேளுங்கள். அதுவும் கூடாது என்று டாக்டர் சொன்னால், வழியில் தண்ணீர் கொடுக்கும் தன்னார்வலராகப் பெயர் கொடுக்கலாம்.