அகன்ற கண்ணாடி டம்ளரை மாற்றிய கதை

மும்பை செம்பூரில் வேலை முடிந்து வீடு திரும்பும் வெள்ளி, சனி இரவுகளில் 60 மி.லி. விஸ்கி மட்டுமே அருந்துகிறேன் என்று பல ஆண்டுகளாக உறுதியாக நம்பியிருந்தேன். பாட்டில் கணக்குக்கு முன்னதாகவே காலியாவதை மனைவி சுட்டிக்காட்டியபோதுதான், வழக்கம்போல் கண் மதிப்பில் ஊற்றியதை, இருமல் மருந்துடன் வந்த 15 மி.லி. மூடியால் அளந்து பார்த்தேன். நான்கு மூடிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஏறத்தாழ ஆறு இருந்தன.

குறை டம்ளரில்தான் இருந்தது. நம் கண் உயரத்தைக் கவனிக்கிற அளவுக்கு அகலத்தைக் கவனிப்பதில்லை. 8 செ.மீ. விட்டமுள்ள குட்டை டம்ளரில் ஒரு செ.மீ. உயரம் என்பது சுமார் 50 மி.லி.; 5.5 செ.மீ. விட்டமுள்ள ஒல்லியான டம்ளரில் அதே உயரம் சுமார் 24 மி.லி. மட்டுமே என்பதால், கை தவறினாலும் பிழை பாதியாகக் குறைகிறது.

வடிவம் வேகத்தையும் மாற்றுகிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், வளைந்த கிளாஸில் பீர் அருந்தியவர்களைவிட நேரான கிளாஸில் அருந்தியவர்கள் தெளிவாக மெதுவாகவே முடித்தார்கள். வளைந்த கிளாஸில் பாதி எது என்பதைக் கண் சரியாகக் கணிக்காததே காரணமாகலாம் என அவர்கள் கருதினார்கள்.

ஆகவே நேரான, ஒல்லியான டம்ளர்கள் இரண்டு வாங்கி, 60 மி.லி. மட்டத்தில் நெயில் பாலிஷால் கோடு போட்டேன். பழையவற்றில் இப்போது மனைவி பருப்பு வகைகளை ஊறவைக்கிறாள்.